கறுப்புத் துறவியின் வீட்டில் ஒரு மாலை

தவறணை என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே நம் வீடுகளில் முதியோர் முகஞ் சுளிப்பது வழக்கம். ஓலைக் கொட்டில், புளித்த வாடை, வாய்ச்சண்டை, கூலிப் பணத்தைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் குடும்பத் தலைவன், அன்றிரவு புகையாத அடுப்பு - இவையே அச்சொல்லோடு சேர்ந்து நம் மனக்கண் முன் வருவன. அவ்வெறுப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே, இலண்டன் மாநகரின் நடுவே ஒரு தவறணையைப் பார்த்து வந்தோம் என்று இக்குடும்பப் பகுதியில் எழுத எமக்குச் சிறிது தயக்கமே. ஆயினும், அங்கே நாம் கண்டதும் கேட்டதும் மதுவைப் பற்றியவை அல்ல. ஓர் ஊர் தன் பழைய வீடொன்றைக் காத்துக்கொண்ட கதை அது. அதனால் ஒரு முதியவர் தம் தந்தையாரின் நினைவைக் காத்துக்கொண்ட கதையுமாகும்.

ஆங்கிலேயர் இத்தகைய இடத்தைப் ‘பப்’ என்று சுருக்கி அழைப்பர். ‘பொது இல்லம்’ என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சுருக்கம் அது. இல்லம் என்ற சொல்லை அவர்கள் விளையாட்டாகச் சேர்க்கவில்லை என்பதை உள்ளே போய் அமர்ந்த பின்னரே அறிந்தோம்.

முக்கோண வீடு

தேம்ஸ் நதியின் வடகரையில், பிளாக்பிரையர்ஸ் பாலம் நகருக்குள் இறங்கும் இடத்தில், குவீன் விக்டோரியா வீதியின் முனையிலே அவ்வீடு நிற்கின்றது. ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாம் அங்கே சென்றோம். கந்தோர்கள் விட்ட நேரம். இரட்டைத் தட்டு பஸ்களும் சைக்கிள்களும் பாலத்தை நோக்கி விரைந்தன. மக்கள் வெள்ளம் புகையிரத நிலையத்துள் பாய்ந்தது. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் றெயில் வண்டிகள் இரைந்து சென்றன. இத்தனை ஆரவாரத்தின் நடுவே, வெட்டி வைத்த கேக் துண்டைப் போல ஒடுங்கிய முக்கோணக் காணியில், பக்கத்துணை எதுவுமின்றி அந்தச் சிறிய கட்டடம் தனித்து நின்றது. வாயிலுக்கு மேலே, தொந்தியின் மேல் கைகளை வைத்துப் புன்முறுவல் பூத்தபடி, அங்கி தரித்த ஒரு துறவியின் சிலை. ‘பிளாக் பிரையர்’, அதாவது கறுப்புத் துறவி என்பதே அவ்வீட்டின் பெயர்.

பெயருக்குக் காரணம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டொமினிக்கன் சபைத் துறவிகள் இவ்விடத்தில் மடம் அமைத்தார்கள். வெள்ளை அங்கியின் மேல் கறுப்புப் போர்வை அணிந்தமையால் மக்கள் அவர்களைக் கறுப்புத் துறவிகள் என்றனர். எட்டாம் ஹென்றி மன்னன் தன் பட்டத்தரசி கதரீனை விலக்க முயன்ற வழக்கு 1529இல் இம்மடத்திலேயே விசாரிக்கப்பட்டது. 1538இல் அதே மன்னனின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டது. பின்னர் மடத்தின் ஒரு மண்டபம் நாடக அரங்காயிற்று. ஷேக்ஸ்பியரின் குழுவினர் அங்கே நடித்தார்கள். அக்கவிஞர் 1613இல் அயலிலேயே ஒரு வீடும் வாங்கினார். இன்று மடமும் இல்லை, அரங்கும் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அப்பெயரைச் சுமந்துகொண்டு, ஏறக்குறைய 1875இல் எழுந்த இவ்வீடு நிற்கின்றது.

நாம் செய்த பிழை

உள்ளே நுழைந்ததும் ஒரு மூலையிற் காலியாக இருந்த மேசையில் அமர்ந்து, பணியாளர் வருவார் எனக் காத்திருந்தோம். பத்து நிமிடங்கள் கழிந்தன. எவரும் வரவில்லை. நம்மை அலட்சியம் செய்கிறார்களோ என்ற ஐயங்கூட மனத்தில் எழுந்தது. பக்கத்து மேசையில் தனியே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இதைக் கவனித்துப் புன்னகை செய்தார்.

“ஐயா, இங்கே நாங்கள்தாம் எழுந்து போகவேண்டும். இது எங்கள் வீடல்லவா? வீட்டில் உங்களுக்குப் பரிமாற ஆள் வைத்திருக்கிறீர்களா?” என்றார்.

நாணத்தோடு எழுந்து சென்றோம். நீண்ட மரப் பலகைக்கு அப்பால் நிற்பவரிடம் கேட்டு, அங்கேயே பணத்தைக் கொடுத்து, கண்ணாடிக் குவளையைக் கையிலேந்தி வரவேண்டும். வரிசை என்று கண்ணுக்குத் தெரிவது எதுவுமில்லை. எனினும் யார் முதலில் வந்தார், யார் பின் வந்தார் என்பது அங்கு நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. முந்திக்கொண்ட ஓர் இளைஞர், “இவர் எனக்கு முன் வந்தவர்” என்று நம்மைக் காட்டி ஒதுங்கினார். நண்பர்கள் சேர்ந்து வந்தால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார். அடுத்த முறை மற்றவர் வாங்குவார். தன் முறை வரும்போது நழுவுகிறவனை இந்நாட்டார் எளிதில் மன்னிப்பதில்லையாம்.

பலகையின் மேல் வரிசையாக நிற்கும் மரக் கைப்பிடிகள் எம் கண்ணைக் கவர்ந்தன. நிலவறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து பியரை மேலே இழுக்கும் கைப்பம்பிகள் அவை. பீப்பாய்க்குள் வந்த பின்னரும் அது நொதித்துக்கொண்டே இருக்குமாம். நிலவறையின் வெப்பம் ஏறத்தாழ 12 பாகை செல்சியசில் நிற்கவேண்டும். திறந்த பீப்பாய் சில நாட்களுக்குள் முடியவேண்டும், இல்லையேல் புளித்துவிடும். ஆகவே ஆட்கள் ஒழுங்காக வந்து போகும் வீட்டிலேயே நல்ல பியர் இருக்கும் என்று விளக்கினார்கள். ஒரு பைந்து என்பது 568 மில்லிலீற்றர். நாம் கேட்டதோ ஜிஞ்சர் பியர். அது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்த பானந்தான்.

சுவரெல்லாம் துறவிகள்

குவளையோடு திரும்பிய பின்னரே சுவர்களை நிமிர்ந்து பார்த்தோம். பச்சை, சிவப்பு, வெண்மை எனப் பல நிறப் பளிங்குக் கற்கள். அவற்றின் மேல் செப்புத் தகட்டிற் புடைத்தெழுந்த துறவிகளின் உருவங்கள். 1905ஆம் ஆண்டு முதல் கட்டடக் கலைஞர் பூலர் கிளார்க் என்பவரும், சிற்பி ஹென்றி பூல் முதலானோரும் இப்பழைய வீட்டை உள்ளும் புறமும் அழகுபடுத்தினார்கள். அக்காலத்தில் வண்டிக்காரரும் கணக்குப்பிள்ளைமாரும் வந்து தாகந் தணித்துப் போகும் இடத்துக்கு அரண்மனைக்குரிய பளிங்கு எதற்கு என்று எவரும் கேட்கவில்லை போலும்.

ஒரு செப்புச் சித்திரத்தில் துறவிகள் மீன் பிடிக்கிறார்கள். அதன் கீழ் ‘நாளை வெள்ளிக்கிழமை’ என்று பொறித்திருக்கின்றது. வெள்ளியன்று அவர்கள் இறைச்சி உண்ணலாகாது. ஆகவே வியாழனன்றே மீனுக்கு ஓடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறியாகையால் வியாழனன்றே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடும் நம் வீடுகளின் நினைவு வந்து நாம் நகைத்தோம். அன்றும் வியாழனாக அமைந்தது தற்செயலே.

உள்ளே மூன்று தாழ்ந்த வளைவுகளைக் கடந்தால் குகை போன்ற ஒரு சிற்றறை வருகின்றது. புகையிரதப் பாதையைத் தாங்கும் வளைவின் அடியில், முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தையொட்டிச் சேர்க்கப்பட்ட பகுதி அது. பொன்னிற ஓடுகள் பதித்த கூரை, விளக்கொளியில் மின்னுகின்றது. சுவரைச் சுற்றிலும் பழமொழிகள். ‘அவசரம் தாமதம்’ என்கிறது ஒன்று. பதறிய காரியம் சிதறும் என்று நம்மவர் சொன்னதும் அதுவேயன்றோ! ‘ஆடம்பரம் அறிவீனம்’ என்கிறது மற்றொன்று. பளிங்கும் பொன்னும் போர்த்த சுவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. ‘விளம்பரம் செய்யாதே, வம்பளப்பவனிடம் சொல்’ என்பது இன்னொன்று. விளம்பரத்தினால் உயிர் வாழும் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த நாம் இதனை வாசித்து வாய் மூடியிருந்தோம்.

முதியவர் சொன்னது

நாம் பத்திரிகையில் எழுதுவோர் என்று அறிந்ததும் அம்முதியவரின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நீங்கள் எனக்கு உறவினர்” என்றார். அவர் ஓர் அச்சுக் கோப்பாளர். அவருடைய தந்தையாரும் அவ்வாறே. பிளீட் வீதி இங்கிருந்து சில நிமிட நடைதான். புகழ்பெற்ற ‘தி டைம்ஸ்’ நாளிதழ் 1974 வரை இவ்வீட்டின் அயலிலேதான் அச்சாயிற்று. இரவு முழுவதும் இயந்திரங்கள் ஓடும். ஈய எழுத்தின் மை விரலை விட்டு அகலாது.

“எனக்குப் பதினெட்டு வயது நிறைந்த அன்று தகப்பனார் என்னை இங்கே அழைத்து வந்தார். அதோ, அந்தக் கணப்பின் பக்கத்திலே நிறுத்தி அரைப் பைந்து வாங்கித் தந்தார். ‘இனி நீ பையன் இல்லை. இங்கே குடிப்பதைவிடக் கேட்பதே முக்கியம். பெரியவர்கள் பேசுவதைக் கேள். ஒன்றோடு நிறுத்து, வீட்டுக்குப் போ’ என்றார். வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த நீண்ட பிரசங்கம் அவ்வளவுதான்.”

அதன் பின் அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். 1986இல் பெரிய பத்திரிகைகள் பிளீட் வீதியை விட்டு வெளியேறத் தொடங்கின. கணினி வந்தது, ஈய எழுத்துப் போயிற்று, அச்சுக் கோப்பாளர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். “எங்கள் அச்சகம் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நான் பிறந்த தெருவும் மாறிவிட்டது. தகப்பனாரின் கல்லறைக்குப் போகவேண்டுமாயின் இரண்டு பஸ் ஏறவேண்டும். ஆனால் இந்தக் கணப்பு இங்கேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து அதன் பக்கத்தில் நிற்பேன்” என்றார். அவருடைய குவளையைப் பார்த்தோம். அதிலும் ஜிஞ்சர் பியரே இருந்தது. வைத்தியரின் கட்டளையாம்.

காத்தவர்கள்

அந்தக் கணப்பும் இல்லாமற் போயிருக்கும். 1960களில் இலண்டனின் பழைய பகுதிகளை இடித்துப் புதிய வீதிகளும் மாடிகளும் அமைக்கும் வேகம் மிகுந்திருந்தது. மக்கள் எத்தனையோ மன்றாடியும் யூஸ்டன் புகையிரத நிலையத்தின் மாபெருங் கல்வளைவு 1961-62இல் தகர்க்கப்பட்டது. கறுப்புத் துறவியின் வீட்டுக்கும் அத்தகைய முடிவே காத்திருந்தது. அப்பொழுது ஜோன் பெச்சமன் என்ற கவிஞர் - பின்னர் 1972இல் அரசவைக் கவிஞரானவர் - முன்னின்று குரல் எழுப்பினார். பலர் அவரோடு சேர்ந்துகொண்டனர். வீடு பிழைத்தது. இன்று அது சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட கட்டடம். உடைமையாளரே விரும்பினாலும் தகுந்த அனுமதியின்றிப் பளிங்கை அசைத்தல் இயலாது.

எல்லா வீடுகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 2000ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் ஏறத்தாழ அறுபதினாயிரம் பப்புகள் இருந்தன. இன்று அத்தொகை ஐம்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வரியும் வாடகையும் ஏறின. கடைகளில் மலிவாக வாங்கி வீட்டிலேயே அருந்தும் பழக்கம் வளர்ந்தது. இளையோர் பலர் மதுவையே விரும்பவில்லை. குடி குறைவது நன்மையே. மலிவான ஜின் இலண்டனின் ஏழைக் குடும்பங்களைச் சீரழித்ததை ஹோகார்த் என்ற ஓவியர் 1751இல் வரைந்த படங்களில் இன்றுங் காணலாம். அந்த அழிவை எந்தப் பளிங்கும் மறைக்காது. ஆனால், வீட்டிலே தனியே அமர்ந்து அருந்துகிறவனுக்கு “ஒன்றோடு நிறுத்து” என்று சொல்லப் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லை. குடி போவதோடு, தந்தையும் மகனும், முதலாளியும் தொழிலாளியும், ஊராரும் அந்நியரும் ஒரே பலகையருகில் நின்று முகம் பார்த்துப் பேசும் இடமும் போய்விடுமானால், அந்த இழப்பை எதனால் ஈடு செய்வது?

நம் ஊர்களிலும் அத்தகைய இடங்கள் உண்டு. அங்கே மதுவுக்கு இடமில்லை என்பது நம் பேறு. கோயில் வீதி மருதமரத்தடி, சந்தித் தேநீர்க்கடையின் வாங்கு, வாசிகசாலையின் திண்ணை - இவையே நமது பொது இல்லங்கள். வீதி அகலிக்க மரம் தறிக்கப்படும்போதும், புதிய கட்டடத்துக்காகத் திண்ணை இடிக்கப்படும்போதும் நாம் வாய் திறக்கின்றோமா?

இருள் சூழ்ந்தபோது விடைபெற எழுந்தோம். முதியவர் கணப்பின் அருகே சென்று, அதன் மேற்பலகையில் ஒரு கணம் கையை வைத்து, பின்னர் தொப்பியை அணிந்துகொண்டார். வெளியே பஸ்களும் மனிதரும் முன்போலவே விரைந்தனர். “நீங்கள் அவசரமோ?” என்று கேட்டார். இல்லை என்றோம். தலைக்கு மேலே றெயில் வண்டிகள் இரைந்து செல்ல, நாம் இருவரும் பாலம் வரை மெதுவாகவே நடந்தோம்.