பழைய ஆட்டப் பெட்டிகளுக்குப் புது வாழ்வு

பழம்பொருள்களைப் போற்றுவோர் பல திறத்தினர். நாணயம் சேர்ப்போர் உண்டு. தபால் தலை சேர்ப்போர் உண்டு. இசைத்தட்டுகளைத் துடைத்துத் துடைத்து வைப்போரும் உண்டு. அவ்வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் பழைய வீடியோ கேம் அன்பர்கள். பழைய ஆட்டங்களைக் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ ஆடுவதில் இவர்களுக்கு நிறைவில்லை. அவை எந்தப் பெட்டிக்கென்று செய்யப்பட்டனவோ அந்தப் பெட்டியிலேயே, பருத்த படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஆடுவதே இவர்களுக்கு இன்பம். இது வெறும் பிள்ளை விளையாட்டா, அன்றி இதில் பொருள் ஏதும் உண்டா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இவ்வன்பர்கள் பெரிதும் மதிக்கும் பெட்டிகளுள் ஒன்று ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ ஆகும். மசாயுகி உயெமுரா என்ற பொறியாளர் இதனை வடிவமைத்தார். இது 1985-இல் வேறு உருவில் அமெரிக்கா சென்றது. உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. இதன் நினைவாற்றல் 2 கிலோபைட் மட்டுமே. புகழ்பெற்ற ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரே புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது! சிறிய இடத்தில் பெரிய உலகைப் படைத்த அத்திறமையை வியவாமல் இருக்க இயலுமா?

நம் நாட்டு இல்லங்களும் இப்பெட்டியை அறியாதவை அல்ல. 1990-களில் இதனைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள், ‘டிவி கேம்’ என்ற பெயரில், தில்லி பாலிகா பஜார் போன்ற அங்காடிகளில் ஏராளமாக விலைபோயின. உடன் வந்த கார்ட்ரிட்ஜின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே; அவையே வெவ்வேறு எண்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். ஆயினும், கோடை விடுமுறையில் அண்ணனும் தங்கையும் முறை வைத்து ஆடி மகிழ்ந்த இல்லங்கள் எத்தனை!

“அதே ஆட்டம் கைப்பேசியில் கிடைக்கும்போது பழைய பெட்டி எதற்கு?” என்று கேட்கலாம். தக்க கேள்வியே. ‘டக் ஹன்ட்’ என்னும் வாத்து வேட்டை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள துப்பாக்கி ஒளியை வெளிவிடுவதில்லை, ஒளியை வாங்குகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியின் சிறு கூறளவு இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும். அவ்வொளி துப்பாக்கியின் வாயிலுள்ள உணர்வியில் பட்டால் குறி தப்பவில்லை என்று பொருள். படக்குழாய் தாமதமின்றிப் படம் வரைவதால் கணக்குப் பொருந்துகிறது. இன்றைய தட்டைத் திரையோ படத்தைப் பெற்று, பக்குவப்படுத்திக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது, வேட்டையும் வீணாகிறது. ஆட்டம், பெட்டி, திரை மூன்றும் சேர்ந்தே ஒரு பொருள் என்பது இதனால் விளங்கும்.

பழைய ஆட்டங்களில் காணவேண்டியதெல்லாம் கண்டாகிவிட்டது என்றும் எண்ணுவதற்கில்லை. 1989-இல் நின்டெண்டோ பெட்டிக்கு வந்த ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தில், மனிதர் எவரும் முன்பு எட்டாத எல்லையை, அதாவது ஆட்டமே செயலற்று நின்றுவிடும் இடத்தை, 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் எட்டினான். அவனுக்கு வயது 13. ஆட்டம் அவனினும் இருபது ஆண்டுக்கு மேல் மூத்தது!

ஆனால் இப்பெட்டிகளுக்குக் காலம் பகையாக நிற்கிறது. ஆட்டத்தின் நிலையைக் காத்து வைக்கும் சிறு பாட்டரி காலப்போக்கில் தீர்ந்துபோகிறது. காத்து வைத்ததும் அதனோடு அழிகிறது. மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிக்கின்றன. ஃபாமிகாம் உற்பத்தி 2003-இல் நின்றது. 2007-இல், உதிரிப் பாகம் இல்லையென்று நிறுவனமே பழுதுபார்ப்பதையும் நிறுத்திவிட்டது. எனவே அன்பர்களே பற்றவைப்புக் கோலைக் கையிலெடுத்து, ஒருவர்க்கொருவர் ஆசிரியராகி, பழுது நீக்கக் கற்றுக்கொண்டனர்.

இழப்பின் அளவையும் கருத வேண்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களில் 100-க்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறநிறுவனம் 2023-இல் ஆய்ந்து அறிவித்தது. அவற்றைக் காண வேண்டுமாயின் பழைய பெட்டியும் பழைய கார்ட்ரிட்ஜும் வேண்டும். அல்லது யாரேனும் படியெடுத்து வைத்திருக்க வேண்டும். படிகளின் பயனை நாம் குறைத்துக் கூறவில்லை. சில்லு அழிந்த பின்னும் ஆட்டம் பிழைப்பது அவற்றால்தான். ஆயினும், ஓலைச்சுவடியைப் படியெடுத்த பின் சுவடியை எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாதல்லவா?

நம்மவர் பலரும் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். ஊர் மாறும்போதெல்லாம் பரண் காலியாகிறது. பழைய பெட்டி பழைய சாமான்காரனிடம் போகிறது. அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: எறியும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கார்ட்ரிட்ஜை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தாலே போதும். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பெட்டிகளின் மின்மாற்றி 100 அல்லது 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். படக்குழாய்த் தொலைக்காட்சியின் முதுகை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களே திறக்கலாகாது. மின்தொடர்பை நீக்கிய பின்னும் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கக்கூடும்.

வேண்டாதவர்கள், விரும்பிக் கேட்கும் இளைஞர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பரணில் தூங்கும் பெட்டி வேறொரு வீட்டில் விழித்தெழட்டும்.