10,000 மைல், ஒரு வண்டி, ஒரு நாய்! - ஸ்டெய்ன்பெக்கும் சார்லியும் போன பயணம்

1960-ம் ஆண்டு. ஜான் ஸ்டெய்ன்பெக்குக்கு 58 வயது. அமெரிக்காவில் அவர் பெயர் தெரியாத வாசகர் இல்லை. பிழைப்பு தேடி ஊர் ஊராக அலைந்த ஏழை விவசாயிகளின் கதையை எழுதி, 1940-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். ஆனால், அந்த நாட்களில் அவரைச் சுற்றியிருந்தவர்களின் பேச்செல்லாம் அவருடைய எழுத்தைப் பற்றியதாக இல்லை, உடம்பைப் பற்றியதாகவே இருந்தது. முந்தைய குளிர்காலத்தில்தான் பக்கவாதம் போல ஒன்று வந்து அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. எடையைக் குறையுங்கள், நிதானமாக இருங்கள், ஓய்வெடுங்கள் என்று ஆளாளுக்கு அறிவுரை.

நோய் வந்ததும், வீட்டையே தாங்கிய மனிதர் வீட்டுக் குழந்தையாக்கப்படுவதைப் பல நண்பர்களின் வாழ்க்கையில் பார்த்தவர் அவர். தனக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தார். இன்னொரு உறுத்தலும் இருந்தது. 'அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்கிறேன். ஆனால், இந்த நாட்டைக் கண்ணால் பார்த்து 25 வருடமாகிவிட்டதே!'

கிளம்பிவிட்டார். தனியாக. இல்லை, கூடவே ஒரு நாயும் போனது.

குதிரையின் பெயர் வைத்த வண்டி

முக்கால் டன் ஜி.எம்.சி பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, அதன் முதுகில் ஒரு சின்ன வீட்டை ஏற்றிக்கொண்டார் ஸ்டெய்ன்பெக். இருவர் படுக்கக்கூடிய கட்டில், நான்கு பர்னர் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ், கழிப்பறை, துணி வைக்க அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. இன்று 'கேம்பர் வேன்' என்று நாம் சொல்வதன் தாத்தா என வைத்துக்கொள்ளலாம்.

வண்டிக்கு அவர் வைத்த பெயர் ரோசினான்டே. காற்றாலைகளை ராட்சதர்கள் என நினைத்துச் சண்டைக்குப் போன டான் கிஹோத்தேயின் நோஞ்சான் குதிரையின் பெயர். வயதான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு, அந்தப் பெயரிலேயே பதில் இருந்தது.

துணி துவைக்க அவர் கண்டுபிடித்த வழி இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் குப்பை வாளியை எடுத்து, எலாஸ்டிக் கயிற்றால் அலமாரிக் கம்பியில் தொங்கவிட்டார். அழுக்குத் துணி, சுடுநீர், சோப்புத் தூள் மூன்றையும் அதில் போட்டு மூடிவிட்டு வண்டியை ஓட்ட வேண்டியதுதான். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்க, துணி தானாகவே துவைந்துவிடும். ஏதாவது ஓடைக்கரையில் நிறுத்தி அலசினால் வேலை முடிந்தது!

கிளம்பும் நேரத்தில் டோனா என்ற சூறாவளி வந்தது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், சாக் ஹார்பரில் அவர் வீடு. தன் படகைக் காப்பாற்ற, புயலுக்கு நடுவே தண்ணீரில் இறங்கிப் போய்விட்டு வந்தார். ஓய்வெடுக்கச் சொல்லப்பட்ட மனிதர்! 'ஒரு படகுக்காக இதைச் செய்பவரை, வண்டியில் போக வேண்டாம் என்று தடுத்து என்ன பயன்?' என்று வீட்டில் நினைத்திருந்தால் ஆச்சர்யமில்லை. செப்டம்பர் 23 அன்று ரோசினான்டே புறப்பட்டது.

'இது லாஸி இல்லை!'

சார்லியின் முழுப்பெயர் சார்ல்ஸ் லெ ஷியான். பெயரைப் போலவே ஆளும் பிரெஞ்சு. பாரிஸை ஒட்டிய பெர்சியில் பிறந்த பூடில். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் குட்டி ரகம் இல்லை, நன்றாக வளர்ந்த பெரிய ரகம். குளிப்பாட்டினால் நீலம் பூத்த சாம்பல் நிறம். வயது பத்து. அதாவது, எஜமானரைப் போலவே அதுவும் முதுமையில் கால் வைத்திருந்தது.

சார்லியையும் அழைத்துப் போகிறேன் என்று கணவர் சொன்னதும், மனைவி எலெய்னுக்கு நிம்மதி. உங்களுக்கு ஏதாவது ஆனால், அது ஓடிப்போய் யாரையாவது உதவிக்குக் கூட்டி வருமே என்றாராம். அந்தக் காலத்தில் டி.வி-யில் லாஸி என்ற நாய் அப்படித்தான் வாரா வாரம் யாரையாவது காப்பாற்றிக் கொண்டிருந்தது. 'எலெய்ன், சார்லி ஒன்றும் லாஸி இல்லை' என்று சிரித்தார் ஸ்டெய்ன்பெக்.

அவர் சொன்னது சரிதான். சார்லி வீரதீர நாய் இல்லை. ஆனால், அதற்கு வேறு ஒரு திறமை இருந்தது. முன்பற்கள் கோணலாக இருந்ததால், 'ஃப்ட்' என்று ஓர் ஓசை எழுப்பும். வெளியே போக வேண்டும் என்பதற்கு அதுதான் சிக்னல். 'எஃப்' எழுத்தை உச்சரிக்கத் தெரிந்த ஒரே நாய் என்று பெருமைப்பட்டுக்கொண்டார் எஜமானர்.

பேச்சைத் தொடங்கி வைக்கும் தூதர்

முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத மனிதரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? தாடி வைத்த ஒரு முதியவர் நேராகப் போய் நின்றால் எவருக்கும் சந்தேகம்தான் வரும். ஸ்டெய்ன்பெக்கின் வழி எளிமையானது. பக்கத்தில் யாராவது கூடாரம் போட்டிருந்தால், சார்லியை அவிழ்த்துவிடுவார். அது மெதுவாக மோப்பம் பிடித்தபடி அங்கே போய் நிற்கும். சற்று நேரம் கழித்து, 'மன்னிக்கணும், என் நாய் தொந்தரவு செய்கிறதா?' என்று இவர் போவார். அப்புறம் பேச்சு தானாக வளரும்.

வடகோடியில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது என்கிறார். உருளைக்கிழங்கு அறுவடைக்காகக் கனடாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்த பிரெஞ்சு பேசும் தொழிலாளர்கள், ஏரிக்கரையில் தங்கியிருந்தார்கள். சார்லி தூது போனது. இரவில் அந்தக் குடும்பம் மொத்தமும் ரோசினான்டேவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவர் பத்திரமாக வைத்திருந்த பிராந்தியைப் பகிர்ந்து குடித்தது. கூலி வேலைக்கு வந்தவர்களும் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரும் ஒரே பெஞ்சில். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

தூதருக்கு ஓரிடத்தில் மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. நயாகராவில் எல்லையைத் தாண்டி, கனடா வழியாகச் சுருக்கமாகப் போகத் திட்டம். கனடா அதிகாரி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்கிறதா?' என்றோ போட்ட ஊசி, கையில் காகிதம் இல்லை. கனடாவுக்குள் போய்விடலாம், ஆனால் திரும்பி அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள் என்றார் அதிகாரி. வண்டி திரும்பியது. ஏரியைச் சுற்றிக்கொண்டு சிகாகோவுக்குப் போனார்கள். நாயோடு எல்லை தாண்ட நினைப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வேறு கூத்து. ஈ எறும்புக்குக்கூட தீங்கு செய்யாத சார்லி, கரடியைப் பார்த்ததும் வெறிபிடித்தது போலக் கத்தித் தீர்த்தது. வேறு வழியின்றி வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். அங்கே இப்போதும் நாய்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சாலையிலிருந்து சுமார் 30 மீட்டருக்கு அப்பால் நாயை அழைத்துப் போகக் கூடாது. நடைபாதைகளில் அறவே கூடாது.

மேற்குக் கரையில், 100 மீட்டருக்கு மேல் வளரும் ரெட்வுட் மரங்களின் முன் சார்லியை இறக்கிவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய மரத்தடியில் காலைத் தூக்கும் பாக்கியம் எந்த நாய்க்குக் கிடைக்கும்? சார்லியோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் கண்ணுக்கு அது மரமாகவே தெரியவில்லை! கடைசியில் ஒரு சிறு கிளையை வெட்டி, அந்த மரத்தோடு சேர்த்து நட்டு வைத்த பிறகுதான் சார்லி தன் கடமையைச் செய்தது.

நோயாளி யார்?

சிரிப்புக்கு நடுவே ஒரு கவலையும் கூடவே வந்தது. வழியில் சார்லிக்குச் சிறுநீர் கழிக்க முடியாமல் போனது. வயதான ஆண் நாய்களுக்கு வரும் புராஸ்டேட் கோளாறு. வலியில் துடிக்கும் பிராணியை வைத்துக்கொண்டு, தெரியாத ஊரில் கால்நடை மருத்துவரைத் தேடி அலைந்தார். முதலில் பார்த்தவர் அக்கறையே காட்டவில்லை. டெக்ஸாஸின் அமரில்லோவில் கிடைத்த மருத்துவர், தொட்ட விதத்திலேயே சார்லியின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டார். அங்கே சில நாள் தங்கிக் குணமானது.

தன் உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதற்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர், வழியெல்லாம் ஒரு முதிய நாயின் உடம்பைப் பற்றி இரவும் பகலும் யோசித்துக்கொண்டு போனார். தன் நோயைப் பற்றி அவர் சில வரிகளோடு முடித்துக்கொள்கிறார். சார்லியின் நோயை விரிவாக எழுதுகிறார்.

அதே நாய், வேறு முகம்

பயணத்தின் கடைசிப் பகுதி தெற்கில். 1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளியில் ஆறு வயது கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் சேர்ந்தாள். அமெரிக்க அரசின் மார்ஷல்கள் காவலுக்கு நடக்க, அவர்கள் நடுவே புத்தகப் பையோடு அவள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஒரே ஒரு ஆசிரியை, ஆண்டு முழுக்க அந்த ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தினார்.

தினமும் காலையில் பள்ளி வாசலில் கூடி அந்தக் குழந்தையைத் திட்டித் தீர்க்க ஒரு பெண்கள் கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் கைதட்ட இன்னொரு கூட்டம். ஸ்டெய்ன்பெக் அதைப் பார்க்கப் போனார். நியூயார்க் நம்பர் பிளேட்டோடு போனால் ஆபத்து என்று வண்டியையும் சார்லியையும் தள்ளி விட்டுவிட்டு, டாக்ஸியில் போனார். அந்தப் பெண்கள் கத்திய வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் அச்சிடவில்லை, டி.வி-யும் மழுப்பிவிட்டது என்று கொதித்து எழுதினார். பயணத்தின் மற்ற எதையும்விட அவரை உலுக்கியது அந்தக் காலை நேரம்தான்.

அங்கே சார்லியையும் விட்டுவைக்கவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்தவர்கள், ஒரு கறுப்பின மனிதர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டோம் என்று இழிவான சொல்லால் 'ஜோக்' அடித்தார்கள். ஒருவரோடு நிற்கவில்லை, அதே ஜோக் மறுபடியும் மறுபடியும். வடக்கே அந்நியர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்த அதே நாய், இங்கே மனிதர்களின் மனதில் இருந்த அழுக்கை வெளியே கொண்டுவந்தது. சார்லி எங்கேயும் மாறவில்லை.

அதன்பிறகு அவருக்குப் பயணம் போதும் என்றாகிவிட்டது. நிற்காமல் வீட்டை நோக்கி ஓட்டினார். நாடெல்லாம் சுற்றியவர், தான் வாழும் நியூயார்க் நகரத்துக்குள் வந்து வழி தவறி நின்றதாகப் புத்தகம் முடிகிறது.

எவ்வளவு உண்மை?

'டிராவல்ஸ் வித் சார்லி' 1962-ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டெய்ன்பெக்குக்கு நோபல் பரிசு. பல தலைமுறை வாசகர்கள் அதை நம்பிப் படித்தார்கள். பலர் நாயோடு வண்டி எடுத்துக் கிளம்பினார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010-ல் பில் ஸ்டெய்கர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய்ச் சரிபார்த்தார். கணக்கு உதைத்தது. சுமார் 75 நாள் பயணத்தில் பாதிக்கு மேல் மனைவி எலெய்ன் கூடவே இருந்திருக்கிறார். வண்டியில் படுத்ததாகச் சொன்ன பல இரவுகளில் ஹோட்டலிலும் மோட்டலிலும் தங்கியிருக்கிறார். வழியில் சந்தித்ததாக எழுதிய சிலர் கற்பனைப் பாத்திரங்களாகவே இருக்க வேண்டும் என்றார். நாவலாசிரியர் எழுதிய புத்தகம் இது, வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை 2012-ல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையிலேயே சேர்ந்தது.

நம்பிப் படித்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். தனிமைப் பயணம் என்று சொல்லிவிட்டு மனைவியை மறைத்தது சரியில்லை. ஆனால், எல்லாமே கற்பனை இல்லை. ரூபி பிரிட்ஜஸ் நிஜம். அந்தக் கூட்டம் நிஜம். ரோசினான்டே நிஜம். நோஞ்சானாகிவிட்ட ஒரு மனிதர் இன்னொரு முறை சாலையைப் பார்க்க ஆசைப்பட்டதும் நிஜம். அப்பா நாட்டிடம் விடைபெறத்தான் போனார் என்று அவருடைய மூத்த மகன் பின்னாளில் சொன்னார். 1968 டிசம்பரில், 66 வயதில் ஸ்டெய்ன்பெக் காலமானார்.

கலிஃபோர்னியாவில் அவர் பிறந்த ஊரான சலீனாஸில் இருக்கும் நேஷனல் ஸ்டெய்ன்பெக் சென்டரில் ரோசினான்டே இன்றும் நிற்கிறது. இன்றைய கேம்பர் வேன்களோடு ஒப்பிட்டால் சின்ன வண்டிதான். ஒரு கட்டில், ஓர் அடுப்பு. அதற்குள் எத்தனை இரவுகள் கழிந்தன என்பதில் வாதம் இருக்கலாம். கூட வந்த நாய் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.