தொண்டைப் புற்றுநோய்: கண்ணாடி வழுக்கியைக் கணினி வாசித்தால்

எங்கள் தோட்டத்தில் ஒரு ஐயா இருக்கிறார். துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்ந்தவர். போன மாதம் அவருடைய பயொப்சி ரிப்போட்டைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து, வாசித்துச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டே வரிதான். தமிழில் சொன்னால், "மிதமாக வேறுபட்ட செதிற்கலப் புற்றுநோய்." விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, இன்னும் எத்தனை வருஷம்?" என்றார்.

அந்த இரண்டு வரியில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்றுதான் இப்போது ஆழ்கற்றல் என்ற கணினி முறையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

'மிதமாக வேறுபட்ட' என்பதை முதலில் பார்ப்போம். புற்றுக் கலம் தான் பிறந்த கலத்தின் சாயலை எவ்வளவு வைத்திருக்கிறது என்பதற்கான அளவு அது. சாயல் குறையக் குறைய மூர்க்கம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அல்பேர்ட் புரோடர்ஸ் 1920இல் உதட்டுப் புற்றுநோய்களை இப்படி நான்கு தரமாகப் பிரித்தார். நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறோம். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் ஒரே கண்ணாடி வழுக்கிக்கு இரண்டு நோயியல் நிபுணர்கள் இரண்டு தரம் போடுவதும் நடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. பெரும்பான்மையோரை 'மிதம்' என்ற நடுப்பெட்டிக்குள் போட்டுவிடும் அளவுகோல் அது.

வழுக்கி எப்படித் தயாராகிறது? வெட்டியெடுத்த இழையத்தைப் போமலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நான்கு மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுகிறார்கள். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் வராது. கண்ணாடியில் ஒட்டி இரண்டு சாயம் ஏற்றுவார்கள். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வரும் ஹெமற்றொக்சிலின் கலத்தின் கருவை ஊதாநீலமாக்கும். இயோசின் மற்றதை ரோசாநிறமாக்கும். உலகம் முழுக்க இதே இரண்டு சாயம்தான், மலிவு. கணினிக்கும் இதே வழுக்கி போதும், புதிதாக எதையும் வெட்டத் தேவையில்லை. இந்த முறையின் பெரிய கவர்ச்சியே அதுதான்.

ஸ்கானர் வழுக்கியைப் படமாக்கும்போது ஒரு புள்ளி கால் மைக்ரோமீற்றர். ஒன்றரை சென்ரிமீற்றர் சதுர இழையம் என்றால் 360 கோடி புள்ளிகள். சாதாரண 12 மெகாபிக்சல் போன் படம் முந்நூறுக்குச் சமம். அவ்வளவையும் ஒரே வாயில் கணினியால் விழுங்க முடியாது. 256 புள்ளிக்கு 256 புள்ளி என்று நறுக்கினால் ஏறத்தாழ 55,000 துண்டுகள்.

ஒரு முறையில், இந்தத் துண்டு நல்லது, இது கெட்டது என்று யாரும் கணினிக்குக் குறித்துக் கொடுப்பதில்லை. 'இந்த வழுக்கிக்குரியவருக்கு இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது, இவர் ஐந்து வருடம் கழித்தும் சுகமாக இருக்கிறார்' என்ற முடிவு மட்டும் கொடுக்கப்படும். எந்தத் துண்டுக்கு எவ்வளவு கவனம் கொடுக்க வேண்டும் என்பதை அதுவே ஆயிரக்கணக்கான வழுக்கிகளில் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொள்கிறது. கொழும்பு முகத்துவாரத்து மீன் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்து, எந்தப் படகின் மீன் நாளை வரை தாங்கும் என்பார். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எத்தனையோ நாள் வாங்கி, எது அழுகியது என்று பார்த்துப் பார்த்து வந்த கண் அது.

எதைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக் கணினியை எண்ணவைக்கும் வழியும் உண்டு. மும்பையில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் அனந்த் மாதபூஷியின் குழு, தொண்டைப் புற்றில் இரண்டு தடயங்களை எண்ணிப் பார்த்தது. ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களோடு நிற்கும் புற்றுக் கலங்கள் எத்தனை என்பது. 2021இல் வெளியான அந்த ஆய்வில், இவை கூடியவர்களுக்கு விளைவு மோசமாக இருந்தது. மற்றது, உடம்பின் காவற்காரரான நிணநீர்க்குழியங்கள் கட்டிக்குள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது. மனிதக் கண் இவற்றைக் காணாமலில்லை. இலட்சக்கணக்கில் எண்ணப் பொறுமையும் நேரமும் இல்லை.

இதனால் நோயாளிக்கு என்ன? தலை, கழுத்துப் பகுதிக்கு முழு அளவில் கதிர்ச் சிகிச்சை என்றால் வழமையாக 35 தடவை, கிழமைக்கு ஐந்து நாள், ஏழு கிழமை. முகத்துவாரத்திலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை. நாட்கூலி வேறு போகும். பிறகு காய்ந்த வாய், விழுங்க முடியாத சோறு. யாருக்கு இதைவிடக் குறைந்த சிகிச்சை போதும், யாருக்கு இதோடு இன்னும் சேர்க்க வேண்டும் என்று பிரித்தறிய முடிந்தால் அது சின்ன விடயமில்லை. ஆனால் கணினி சொன்னது என்பதற்காகச் சிகிச்சையைக் குறைக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பார்த்தது எச்.பி.வி. வைரஸால் ரொன்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றை. அது வேறு சாதி. 2010இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வொன்றில், அந்த வைரஸ் உள்ள கட்டிக்காரரில் நூற்றுக்கு 82 பேர் மூன்று வருடத்தின் பின்னும் உயிரோடிருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57 பேர். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பதோ வாய்ப்புற்று. அதற்குக் காரணம் தேட நுணுக்குக்காட்டி தேவையில்லை. துறைமுக வாசலில் விற்கும் வெற்றிலைக் கூற்றைப் பிரித்துப் பார்த்தால் போதும். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இலேயே முடிவு செய்துவிட்டது.

மீனைப் பார்த்துப் பழகிய கண்ணிடம் கருவாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? எச்.பி.வி. புற்றில் பழகிய கணினிக்கு நம் வாய்ப்புற்றைக் காட்டுவதும் அப்படித்தான். அதோடு, கணினி களவாகவும் படிக்கும். அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் வழுக்கித் தொகுப்பை 2021இல் சோதித்தவர்கள், எந்த வைத்தியசாலை அனுப்பிய வழுக்கி என்பதைப் படத்தின் சாயலிலிருந்தே கணினி பிடித்துவிடுவதைக் கண்டார்கள். வசதியான நோயாளிகள் போகும் வைத்தியசாலையின் சாயலை 'நல்ல சகுனம்' என்று அது கற்றுக்கொண்டிருந்தால், நோயைப் படித்ததாக நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

கண்ணாடியில் இல்லாததை எந்தக் கண்ணும் காணாது என்பது இன்னொன்று. 1887இல் ஜேர்மனிய இளவரசர் பிரெடெரிக்கின் குரல்வளைத் துண்டுகளைப் பார்த்தவர் சாதாரண ஆளில்லை, நோயியலின் தந்தை எனப்படும் பீர்கோ. புற்றுநோய் தெரியவில்லை என்றார். அவருக்குக் கிடைத்த துண்டுகளில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். இளவரசர் அடுத்த வருடம் சக்கரவர்த்தியாகி 99 நாளில் அதே நோயால் இறந்தார்.

ஆகவே நமக்கு வேண்டியது நம் வழுக்கிகளில் பழகிய கணினி. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் ஆய்வாளர்கள் ஒரு தொடக்கம் போட்டிருக்கிறார்கள்: போன் கமராவில் எடுத்த 3,000 வாய்ப் படங்களைக் குறிப்புகளோடு தொகுத்து வெளியிட்டார்கள். அது வாயை வெளியிலிருந்து பார்த்துச் சந்தேகிப்பதற்கு. விளைவை முன்கூட்டிச் சொல்ல வழுக்கியும் வேண்டும், அந்த ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் வேண்டும். நாலாவது கிளினிக்கோடு காணாமற்போனவரின் வழுக்கியிலிருந்து கணினி படிக்கக்கூடியது அந்த நாலாவது கிளினிக் திகதி வரைதான். என் கணிப்பில், ஸ்கானர் வாங்குவது இலகு. ரிப்போட் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியையும் பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவைப்பதுதான் கஷ்டம்.

கணினி எவ்வளவு தேறினாலும் ஐயாவின் கேள்விக்கு அப்படியே பதில் வராது. 'உங்களைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேர்' என்றுதான் வரும். அந்த நூறில் அவர் எந்த ஆள் என்பது வழுக்கியில் இல்லை. எனக்குத் தெரியாது என்றுதான் அவரிடம் சொன்னேன்.

மூன்று கிழமையாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மாறாத குரலடைப்பு, கழுத்தில் கட்டி என்று எது இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியரிடமோ காது மூக்குத் தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள், காசு தேவையில்லை. பயொப்சி எடுத்திருந்தால் ரிப்போட்டைப் படம்பிடித்து போனிலும் வைத்திருங்கள். சுகமாகிவிட்டது என்று நினைத்துக் கிளினிக்கை நிறுத்தாதீர்கள்.