உஷார்! மான்கறிப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்

“அண்ணாச்சி, சனிக்கிழமை ராத்திரி குருமலைப் பக்கம் போறோம், வண்டியில ஒரு இடம் இருக்கு” என்று யாராவது கூப்பிட்டால், தயவுசெய்து ஏறாதீர்கள். துப்பாக்கி என் கையில் இல்லை, டார்ச் மட்டும்தான் அடித்தேன் என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். உடந்தையாகப் போனவரும் குற்றவாளிதான்.

அமெரிக்க மலைகளில் எல்க் மான் வேட்டைக்குத் திட்டம் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நாமளும் பெர்மிட் வாங்கிக்கலாம்” என்று நம்பும் பையன்கள் இருக்கிறார்கள். பெர்மிட்டாவது! வேட்டை உரிமம் கொடுக்கும் பிரிவுகளையே 1991 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

குருமலைக் காப்புக்காட்டில் இருப்பது புள்ளிமான். வல்லநாட்டுச் சரணாலயத்தில் வெளிமான். வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. அதைத் தொட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் வேறு. போன வண்டியும் பறிபோகும். 1998-ல் ராஜஸ்தானில் வெளிமானைக் கொன்ற வழக்கில், 20 வருஷம் கழித்து நடிகர் சல்மான் கானுக்கே 5 ஆண்டு தண்டனை விதித்தது ஜோத்பூர் நீதிமன்றம்.

எனக்குப் பெரிய பயம் கோடையை நினைத்துத்தான். கண்மாய் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்ததும் மான்கள் தண்ணீர் தேடி மலையை விட்டு இறங்கும். மதுரை - நெல்லை நான்குவழிச் சாலையில் ஒன்று அடிபட்டுக் கிடந்தால், “செத்ததுதானே, நாம கொல்லலையே” என்று கூறு போடத் தோன்றும். வேண்டாம்! செத்த மானும் அரசாங்கச் சொத்து. உங்கள் வீட்டுக் குக்கரில் அந்தக் கறி இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். பங்குக்குப் பணம் கொடுத்தவருக்கும் இதே கதிதான். அடிபட்ட மானைப் பார்த்தவுடன் வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். உயிர் இருந்தால் நாய்களை அண்டவிடாதீர்கள்.

மக்காச்சோளத்தையும் உளுந்தையும் மான்களுக்கு மேயவிட்டு நிற்கும் சம்சாரியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அதற்காக வேலிக் கம்பியில் கரண்டைக் கொடுத்துவிடாதீர்கள். ராத்திரி மோட்டார் போடப் போகிற பக்கத்துப் புஞ்சைக்காரரும் அதே கம்பியில்தான் கால் வைப்பார். சேதத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள்.