இராட்டைக் கொடி நடத்திய பாடம்

"வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருளைப் பற்றி எழுதி வாருங்கள்" என்று சுவாமிமலையில் என் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி பொருளையே கொண்டுவந்துவிட்டாள். கொள்ளுத்தாத்தா காலத்தில் வீட்டில் கையால் தைத்த மூவர்ணக் கொடி. நடுவில் நீல நூலில் இராட்டை. மடிப்புகளில் துணி இற்றிருந்தது.

"கிழிஞ்ச கொடியை எரிச்சிடணும்னு சொல்றாங்களே, டீச்சர்?" என்று கேட்டாள்.

அதுவே அன்றைய பாடமானது. சேதமடைந்த தேசியக் கொடியைத் தனியிடத்தில், மரியாதையுடன், முடிந்தால் எரித்து அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. அது அசோகச் சக்கரம் கொண்ட தேசியக் கொடிக்கான விதி. காவி, வெள்ளை, பச்சை நிறங்களோடு இராட்டை பொறித்த கொடியைக் காங்கிரஸ் ஏற்றது 1931இல். இராட்டையின் இடத்தில் 24 ஆரச் சக்கரத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று.

"அப்படின்னா இது 1947க்கு முந்தினது!" என்றான் ஒரு மாணவன். கட்சிக் கொடியில் இராட்டை அதன் பிறகும் இருந்ததைச் சொன்னேன். துணி சொல்வது பாதி. மீதியை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மன்னார்குடி அருகே சேரங்குளத்தில் பிறந்த ஆர்யா என்கிற பாஷ்யம், 1932 ஜனவரி 26 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அது உடனே இறக்கப்பட்டது. அந்நிகழ்வைச் சொல்ல நமக்குக் கதை இருக்கிறது. அதே கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய, 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள பட்டுக்கொடியைக் காட்டவே முடியும். 2013 முதல் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள், மங்கிய ஒளியில், ஈரம் அண்டாமல் வைத்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. வெளிச்சம் சாயத்தை வெளுக்கும். ஈரம் பூஞ்சையை வளர்க்கும். மடிப்பு இழையை அறுக்கும். ஆகவே பழைய கொடியைத் துவைக்கவோ, இஸ்திரி போடவோ, லேமினேட் செய்யவோ வேண்டாம். கஞ்சி நீங்க அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு குழாயில் சுற்றி, அதன்மேல் கொடியை மடிக்காமல் உருட்டி, உலர்ந்த இருட்டான இடத்தில் வைத்தால் போதும். பள்ளிக்குப் புகைப்படமும் குறிப்பும் போதும். கொடி வீட்டிலேயே இருக்கட்டும்.

குறிப்பெழுத அந்த மாணவி வீட்டில் விசாரித்தாள். கொடியைத் தைத்தவர் கொள்ளுத்தாத்தா அல்ல, கொள்ளுப்பாட்டி. அவர் பெயரை இதுவரை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பள்ளியின் உள்ளூர் வரலாற்றுப் பதிவேட்டில் முதல் பெயராக அதைத்தான் எழுதினோம்.