மூன்று லீற்றரும் முந்நூறு கிலோவும்



“மின்சாரக் கார் புகை விடாது, சத்தமும் போடாது. பிறகேன் எங்கள் வீதியில் பெற்றோல் வாகனங்களே கூடுதலாக ஓடுகின்றன?” என்று தண்ணீரூற்று ஊர்த் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அருமையான கேள்வி! வாருங்கள், சேர்ந்தே யோசிப்போம்.

முதலில் உங்கள் அம்மப்பாவிடம் ஒன்று கேளுங்கள். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் மோட்டார் சைக்கிள் எதில் ஓடியது?

மண்ணெண்ணெயில்! தடையால் அப்போது பெற்றோல் கிடைப்பது அரிது. மண்ணெண்ணெயோ குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். ஊரில் மின்சாரமே இல்லாத காலம் அது. ஆனாலும் போத்தலில் எண்ணெய் இருந்தால் வண்டி ஓடும்.

அந்தச் சின்னப் போத்தலுக்குள் அவ்வளவு சக்தி! எவ்வளவு தெரியுமா?

2010இல் நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் வந்தது. அதன் பற்றரி ஏறக்குறைய 300 கிலோ. முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும், அதற்குள் இருந்தது ஏறக்குறைய மூன்று லீற்றர் பெற்றோலின் சக்திதான். நம்ப முடிகிறதா?

ஏன் அப்படி? வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறவர் அரிசியை மட்டும் கொண்டுபோவார். தண்ணீரை அங்கே கிணற்றில் அள்ளுவார். பெற்றோலும் அப்படித்தான். ஒரு கிலோ பெற்றோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். அதை வழியிலேயே எடுத்துக்கொள்ளும். பற்றரியோ தண்ணீரையும் வீட்டிலிருந்தே குடத்தில் சுமந்து போகிறவர் போல. தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் அது உள்ளேயே வைத்திருக்கும். சார்ஜ் தீர்ந்தாலும் பாரம் குறையாது.

விளங்கியதா? விளங்காவிட்டால் இன்னொரு முறை வாசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மின்சார மோட்டாரின் கெட்டித்தனத்தையும் சொல்லவேண்டும். பெற்றோல் எஞ்சின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும். மோட்டார் மிகக் கொஞ்சமே வீணாக்கும். அதனால்தான் அந்தக் கார் மூன்று லீற்றருக்குச் சமமான சக்தியில் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது!

ஆனால் தண்ணீரூற்றிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தக் காரில் போனால் வழியில் இரண்டு முறையாவது சார்ஜ் ஏற்றவேண்டும். சாதாரண வீட்டு பிளக்கில் ஒவ்வொரு முறைக்கும் பல மணி நேரம் பிடிக்கும். பெற்றோல் அடிக்கச் சில நிமிடம் போதும். பற்றரியின் விலையும் அதிகம். தடை எங்கே என்று இப்போது தெரிகிறதல்லவா? மோட்டாரில் குறையில்லை. சக்தியைச் சேமித்து வைப்பதுதான் கஷ்டம்.

ஆனாலும் பற்றரிகள் வேகமாக முன்னேறுகின்றன. விரைவாகச் சார்ஜ் ஏற்றும் நிலையங்களும் வந்துவிட்டன. நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள்.

பற்றரியும் காற்றை வழியில் எடுத்துக்கொண்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? சபாஷ்! விஞ்ஞானிகளும் அதையே கேட்டார்கள். லிதியம்–காற்றுப் பற்றரி என்று ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது சீக்கிரம் பழுதாகிவிடுகிறது. அதைச் சரிசெய்யும் வழி இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. இரசாயனவியலை ஆசையோடு படியுங்கள், பிள்ளைகளே. அந்த வேலையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.