காயாத கானகத்தே: ஒரு நாடகப் பாட்டின் வரலாறு

ஏட்டில் எழுதிய பாட்டு நூறாண்டு நிற்கும். அதைப் பாடிய குரலோ அக்கணமே காற்றோடு கலந்து மறையும். அங்ஙனம் மறையாவண்ணம் மனிதன் கண்ட சாதனமே இசைத்தட்டு. அஃது எதைக் காத்தது, எதைக் காவாது விட்டது என்பதை அறிய, நம் நாடகமேடைப் பாட்டொன்றைச் சான்றாகக் கொள்வோம். அதுவே ‘காயாத கானகத்தே’ என்று தொடங்கும் பாட்டு.

இதனை இயற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர் எழுதிய ‘வள்ளி திருமண’த்தில், தினைப்புனங் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாய் வருகிறான், தன் கைக்குத் தப்பிய மானொன்றைத் தேடுவான்போலப் பேச்சைத் தொடங்குகிறான். மான் என்னுஞ் சொல் விலங்கையும் வள்ளியையும் ஒருங்கே சுட்டுமாறு சுவாமிகள் சிலேடை அமைத்திருக்கிறார். வேடன் தேடும் மான் யாதென அவையோர் உணர்ந்து நகைப்பர், வள்ளி சினந்து விடையிறுப்பாள், தர்க்கம் வளரும்.

அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் சொல் தெளிவாய் விழவேண்டும். ஆதலின் நடிகர்கள் உச்ச சுருதியில் பாடப் பழகினர். பாட்டுக்கு இத்தனை நிமிஷம் என்ற வரையறையும் இல்லை. ராக ஆலாபனையும், சபையோர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டலும் சேர்ந்து அதனை நீட்டிக்கொண்டே போகும்.

இப்பாட்டைத் தமிழுலகெங்கும் பரப்பியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ஆம் ஆண்டில் பிறந்த அவர் முருகனாகவும், கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றிய நாடகங்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெரும்புகழ் பெற்றன. 1931-இல் தமிழில் பேசும்படம் வந்தும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடித்தாரில்லை. 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதிலேயே, காலமானார். இன்று அவர் குரலை நாம் கேட்கிறோமெனில், அது அவர் பாடி வைத்த கிராமபோன் தட்டுகளின் உபகாரமே.

ஆயினும் அவ்வுபகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாடும். மேடையில் விரிந்த பாட்டு அந்த அளவுக்குள் சுருங்கவேண்டியதாயிற்று. வள்ளியின் மறுமொழி இல்லை. சபையின் நகைப்பும் இல்லை. குரல் மட்டும் நின்றது.

பாட்டின் அடுத்த பிறவிக்குக் காரணமானவர் காரைக்குடியினர். ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் தந்தையார் இவ்வூரில் நடத்திய கடையில் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. மகனார் அவ்வியாபாரத்தில் தேர்ந்து, 1932-இல் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி இசைத்தட்டுகளை வெளியிட்டார். பின் படத்தொழிலில் புகுந்தார். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் தாம் நடிக்கவைத்த சிறுவன் டி. ஆர். மகாலிங்கத்தையே 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் முருகனாக்கினார். கிட்டப்பாவைப் பின்பற்றிய அவ்விளைஞரின் உச்சக்குரலில் இப்பாட்டு மீண்டும் நாடெங்கும் ஒலித்தது. மைக்கின் முன் மெல்லப் பாடினாலும் போதும் என்ற நிலை வந்த பின்னும், கொட்டகைக்காக ஏற்பட்ட அவ்வுயர்ந்த சுருதி மாறவில்லை; மக்கள் செவி அதனையே நாடியது. அப்படத்தில் கதாநாயகி குமாரி ருக்மிணிக்குப் பி. ஏ. பெரியநாயகி குரல் கொடுத்தார். ஆக, நடிப்பவரே பாடவேண்டும் என்ற மேடை வழக்கம் தளர்வதையும் இப்படத்திலேயே காண்கிறோம்.

மேடையும் மாய்ந்துவிடவில்லை. நம் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் விடிய விடிய நடக்கிறது. தட்டு விட்டதை அங்கே கேட்கலாம்; மேடை இழந்த கிட்டப்பாவைத் தட்டில் கேட்கலாம். ஒன்றையொன்று நிறைவுசெய்யும் இரண்டும் நமக்கு வேண்டும்.

இவற்றுள் விரைந்து அழியக்கூடியது தட்டே. அரக்கும் கல்மாவும் கலந்து செய்த அது கீழே விழுந்தால் உடையும். ஊசி ஓட ஓடத் தேயும். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் அரும்பாடுபட்டுத் திரட்டிய நூல்களும் இதழ்களுமே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. மாணவ நண்பர்களே, உங்கள் இல்லப் பரணில் பழைய தட்டுகள் கிடக்குமாயின், எடைக்குப் போடாதீர்கள். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். தக்காரைக் கொண்டு ஒலியைப் பெயர்த்தெடுத்து வையுங்கள். மூன்று நிமிஷக் குரலாயினும், போனால் வாராது.